ஆசிரியர் தினத்துக்கு கிளிப்போர்ட், பைண்டர் கிளிப் அலங்காரம்: நம் ஊர் ஈரத்துக்குத் தாங்குகிற மாதிரி எப்படிச் செய்வது?

லயத்துப்பிள்ளை

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மே 16 ஆசிரியர் தினத்துக்கு எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் அம்மாமார் சிலர் சேர்ந்து, ஆசிரியர்கள், ஆபீஸ் கிராணி (எழுத்தர்), காவல்காரர், கேண்டீன் அக்கா என்று ஒருவரையும் விடாமல் கையால் செய்த பரிசு கொடுக்கப்போகிறோம். பொருளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்துத் தோட்ட ஆபீஸை இடம் மாற்றியபோது ஸ்டோரில் கிடந்ததையெல்லாம் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்கள். பழுப்பு நிற கிளிப்போர்ட், பெட்டி பெட்டியாகக் கறுப்பு பைண்டர் கிளிப், மர ரூலர், கெட்டி அட்டை போட்ட ஃபூல்ஸ்காப் புத்தகம், நீல மூடி பேனா, மஞ்சள் ஒட்டுத்தாள் கட்டு. எல்லாம் பிரிக்காத புதுச் சாமான்தான், ஆனால் அப்படியே எடுத்து நீட்டினால் அது பரிசு மாதிரி இருக்காது.

இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் பைன் மரக்காய், பனி நட்சத்திரம், சாக்குத்துணி ரிப்பன். நம்மைச் சுற்றி இருப்பது செம்பனையும் மிச்சம் மீதி ரப்பர் மரமும்தான். இங்கே கிடைப்பதை வைத்தும், வீட்டில் இருக்கிற பழைய சேலைகளை வைத்தும் செய்ய வேண்டும் என்று ஆசை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அலங்காரம் முடிந்த பிறகும் கிளிப் தாளைக் கவ்வ வேண்டும், பேனா எழுத வேண்டும், கிளிப்போர்டில் தாள் சமமாகப் படுக்க வேண்டும். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுவதற்காகப் பிள்ளைகள் உட்கார்ந்து செய்யப்போவதில்லை, டீச்சர் மேசையில் தினமும் கை படுகிற பொருளாக அது இருக்க வேண்டும்.

எந்தப் பசை நிற்கும்? பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கையில் எதைக் கொடுக்கலாம், எதை நாங்களே செய்ய வேண்டும்? செய்து பார்த்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

தையல்கடை அக்கா

நல்ல காரியம் தங்கச்சி. சேலை என்று சொன்னதால் முதலில் வந்துவிட்டேன். பார்டரைத்தான் எடு, உடம்புத் துணியை விடு. பார்டரில் நெசவு கெட்டியாக இருக்கும், வெட்டினால் அவ்வளவு சீக்கிரம் பிரியாது, சரிகை இருந்தால் வேறு அலங்காரமே தேவைப்படாது. புதுசாக வாங்க வேண்டியதில்லை. எந்தத் தையல்கடையில் போய்க் கேட்டாலும் ரவிக்கை வெட்டிய மிச்சம் ஒரு மூட்டை இருக்கும், பள்ளிக்கு என்று சொன்னால் சும்மாவே கொடுப்பார்கள். அதுவும் போதாவிட்டால் ஈப்போ லிட்டில் இந்தியாவில் பார்டர் மட்டும் கெஜக்கணக்கில் கிடைக்கும்.

பசையைத் துணியில் நேராகத் தடவக்கூடாது. பட்டாக இருந்தாலும் பாலியஸ்டராக இருந்தாலும் வெள்ளைப் பசை மேலே ஊறி வந்து எண்ணெய் பட்ட மாதிரி கறை கட்டிவிடும், அதைப் போக்க வழியே இல்லை. சட்டைக் காலருக்குள் வைக்கிறோமே, தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும் உள்துணி, அதை முதலில் பார்டரின் பின்பக்கம் வைத்து மிதமான சூட்டில் தேய்த்துவிடு. இஸ்திரிப் பெட்டியை இழுக்காதே, அழுத்தி எடு, அழுத்தி எடு. சரிகை மேல் நேரே சூடு படாமல் ஒரு வெள்ளைத் துணி போட்டுக்கொள். இதைச் செய்துவிட்டால் துணி காகிதம் மாதிரி நிற்கும், கத்தரித்தால் நூல் பிரியாது, பசையும் மேலே ஊறாது. ஃபூல்ஸ்காப் புத்தகத்தின் முதுகுக்கு ஒரு பார்டர், மூலை நான்குக்கும் முக்கோணமாக ஒரு துண்டு, நடு அட்டை வெறும் நிறத்தில் விட்டுவிடு. முழு அட்டையையும் சேலையால் மூடினால் கை வேர்வை பட்டு சீக்கிரம் அழுக்கு ஏறும்.

செம்பனை நிழல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடு எதற்கு என்று உண்மையாகவே கேட்கிறேன். ஷாப்பி இணையக் கடையில் பெயர் போட்டு, பெட்டியோடு, அழகான பேனா செட் பத்து வெள்ளிக்குள் (ரிங்கிட்) வருகிறது. பிள்ளைகளுக்குப் பாடம் இருக்கிறது, அம்மாமாருக்கு வேலை இருக்கிறது. ஆசிரியர்களுக்கும் சுத்தமாகச் செய்த பொருள்தானே பிடிக்கும்? பிள்ளைகள் செய்தது என்று சொல்லி ஒட்டும் உரிந்து நிற்கிற பொருளைக் கொடுத்தால், வாங்கிக்கொண்டு என்ன செய்வது என்று அவர்களும் தவிப்பார்கள்.

லயத்துப்பிள்ளை

அக்கா, காலர் உள்துணி யோசனைக்கு மிக்க நன்றி. அது என் மனதில் வரவே இல்லை.

செம்பனை நிழல் அண்ணே, நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. பத்து வெள்ளி என்பது ஒரு ஆளுக்கு. எங்கள் பள்ளியில் ஆசிரியர், பணியாளர் எல்லோருக்கும் கணக்குப் போட்டால் அது சின்னத் தொகை இல்லை, அந்தச் சுமை சில வீடுகளில்தான் விழும். முடிந்த வீட்டுப் பிள்ளை பெரிய பெட்டியோடு வரும், முடியாத வீட்டுப் பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கே வராது. இது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே பெட்டிச் சாமானில் செய்தால் யார் வீட்டுக் காசு என்ற பேச்சே வராது. ஒட்டு உரியும் என்ற உங்கள் பயம் எனக்கும் இருக்கிறது, அதனால்தான் இந்த இழையையே தொடங்கினேன்.

கரும்பலகை

நான் ஆசிரியை, வேறு மாவட்டத்தில். என் மேசையைப் பற்றிச் சொல்கிறேன், பயன்படும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

வருடா வருடம் வருகிற பரிசில் குவளை அதிகம், பூ ஒட்டிய பேனா அதிகம். பேனாவின் தலையில் பெரிய துணிப்பூ இருந்தால் பாரம் மேலே ஏறிவிடுகிறது, நாற்பது நோட்டுத் திருத்த முடியாது, அதனால் அது குவளைக்குள் நின்றுகொண்டே இருக்கும். ஆனால் ஒரு முறை ஒரு வகுப்பு பிள்ளைகள் கிளிப்போர்ட் கொடுத்தார்கள், மேலே என் பெயரும் ஓரத்தில் ஒரு கோலமும் மட்டும். பாட நேரத்திலும், போட்டி விளையாட்டுத் திடலிலும், பெற்றோர் சந்திப்பிலும் அதுதான் என் கையில் இருக்கும். பைண்டர் கிளிப் எவ்வளவு கொடுத்தாலும் தீர்ந்துபோகும், ஒவ்வொரு வகுப்புத் தாளுக்கும் ஒரு நிறம் என்று வைத்தால் இன்னும் நல்லது. சிவப்புக் கிளிப் என்றால் நான்காம் ஆண்டு, பச்சை என்றால் ஐந்தாம் ஆண்டு, தூரத்திலிருந்தே தெரியும்.

இன்னொன்று. விலை கூடிய பரிசு வந்தால் எங்களுக்குச் சங்கடம். அரசு ஊழியர் பரிசு வாங்குவதற்கு விதிமுறை இருக்கிறது, அது ஒரு பக்கம் இருக்கட்டும், கொடுத்த பிள்ளையையும் கொடுக்காத பிள்ளையையும் ஒரே மாதிரி பார்க்கிறோமா என்ற கேள்வி வகுப்பில் வந்துவிடும். உங்கள் முறையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பெயர் எழுதும்போது எழுத்துப்பிழை இல்லாமல் எழுதச் சொல்லுங்கள், பள்ளி ஆபீஸில் பட்டியல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய கிராணி

வணக்கம் பிள்ளைகளே. தோட்ட ஆபீஸ் சாமான் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்தப் புத்தகங்களோடுதான் வாழ்ந்தேன். காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில் குறித்து, மாதக் கடைசியில் அதைக் கூட்டிச் சம்பளம் போட்ட காலம். தாளைச் சேர்த்துக் கட்ட கோணி ஊசியும் கெட்டி நூலும் வைத்திருப்போம். நடுவில் ஒரு தாள் செருக வேண்டும் என்றால் மொத்தத்தையும் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும்.

புத்தக முதுகு உரிந்தால் மைதா மாவைக் காய்ச்சிப் பசையாக்கித் துணி ஒட்டுவோம், அதில் மயில்துத்தம் கொஞ்சம் போடுவோம், பூச்சி அரிக்காமல் இருக்க. இதை ஏன் சொல்கிறேன் என்றால், யாராவது செலவில்லாமல் கஞ்சிப் பசை காய்ச்சலாம் என்று சொல்லக்கூடும். வேண்டாம். வெறும் மாவுப் பசை என்றால் வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் நேராக அதற்குத்தான் வரும், சில மாதத்தில் ஓரமெல்லாம் அரித்துவிடும். மயில்துத்தம் போட்டாலோ அது விஷம், பிள்ளைகள் கை வைக்கிற வேலைக்கு ஆகாது. கடையில் விற்கிற வெள்ளைப் பசையே போதும்.

தையல்கடை அக்கா சொன்ன முதுகுத் துணி சரியான முறை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதுகில் துணியை இறுக்கி இழுத்து ஒட்டாதீர்கள், திறக்கும்போது இழுத்துக் கிழியும். அட்டைக்கும் முதுகுக்கும் நடுவே பள்ளம் மாதிரி ஒரு கோடு இருக்கும், அதில் துணியை எலும்புக் கத்தியாலோ மர ரூலரின் ஓரத்தாலோ உள்ளே அழுத்தி உட்கார வைக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் மெழுகுக் காகிதம் வைத்து, மேலே பாரம் ஏற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். பாரம் இல்லாமல் காய்ந்தால் அட்டை வளைந்துவிடும்.

கேஎல் மாடிவீடு

பழைய கிராணி ஐயா எழுதியது:
"நடுவில் ஒரு தாள் செருக வேண்டும் என்றால் மொத்தத்தையும் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும்."

ஐயா, பைண்டர் கிளிப் பிறந்ததே இந்தக் கஷ்டத்தில்தான். வாஷிங்டனில் லூயிஸ் பால்ட்ஸ்லி என்பவர், எழுத்தாளரான தன் அப்பா கையெழுத்துப் பிரதியைத் துளையிட்டு நூல் போட்டுக் கட்டுவதையும், ஒவ்வொரு முறையும் பிரிப்பதையும் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். 1915இல் காப்புரிமை கிடைத்தது. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் வடிவம் பெரிதாக மாறவில்லை. கம்பிக் கைகள் இரண்டையும் மடக்கித் தாளோடு படுக்க வைக்க முடிகிறதே, அதனால்தான் கிளிப் போட்ட கட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம். ஆகவே கம்பி மடங்குகிற இரண்டு பக்க முகத்திலும் தடிப்பாக எதையும் ஒட்டாதீர்கள். பொத்தான், விதை, துணிப்பூ எது ஒட்டினாலும் கம்பி அதில் முட்டிக்கொண்டு நிற்கும், கிளிப்பின் பாதிப் பயன் போய்விடும். இணையத்தில் காட்டுகிற படங்களில் முக்கால்வாசி இப்படித்தான் இருக்கின்றன, படம் எடுக்க மட்டும் நன்றாக இருக்கும்.

தட்டையாக இருப்பதற்கு வாஷி டேப் வசதி. ஜப்பானில் குராஷிக்கி நகரத்துக் கம்பெனி ஒன்று, காமோய் காகோஷி, 1923இல் ஈ ஒட்டுகிற தாள் செய்யத் தொடங்கி, அப்புறம் பெயின்ட் அடிக்கும்போது ஓரத்தில் ஒட்டுகிற டேப் செய்து, 2008இல் அதையே நிறமும் கோலமுமாக அலங்கார டேப்பாகக் கொண்டுவந்தது. பெயின்ட் டேப் வழி வந்தது என்பதால் உரித்தால் சுத்தமாக உரிந்து வர வேண்டும் என்றே செய்யப்பட்டது. நமக்கு அதுதான் சிக்கல், நம் ஊர் ஈரத்தில் நாளாக ஆக ஓரம் தானாகவே எழும்பும். கிளிப்பை விட ஒரு நூல் அகலம் குறைவாக வெட்டி ஒட்டி, நகத்தால் நன்றாகத் தேய்த்து, மேலே நிறமில்லாத நகப்பூச்சு ஒரு பூச்சு கொடுத்தால் நிற்கும். முனையை உள்பக்கம் மடித்து ஒட்டாதீர்கள், தாள் உரசும் இடம் அது.

லயத்துப்பிள்ளை

கம்பி மடங்கும் விஷயம் மிக முக்கியம். ரப்பர் விதையைக் கிளிப்பில் ஒட்டலாம் என்று மனதில் வைத்திருந்தோம், அதை வேறு எதற்காவது மாற்றிக்கொள்கிறோம். விதை மட்டும் கட்டாயம் வேண்டும் என்று என் அம்மா சொல்கிறார், ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை அது.

பால்மரத்தடி

ரப்பர் விதை என்றால் நான் பேச வேண்டும். நம் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் கோலகங்சாரில், 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். நாடு முழுக்கப் பரவிய தோட்டங்களுக்கெல்லாம் அந்தக் காலத்து மரங்கள்தான் முன்னோடி. நம் தாத்தா பாட்டி கப்பல் ஏறி வந்ததும் அந்த மரத்தின் பின்னால்தான். அதனால் ஒரு தமிழ்ப்பள்ளி டீச்சர் மேசையில் அந்த விதை இருப்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. ஒன்றின் மேல் ஒன்று வைத்து உள்ளங்கையால் அடித்து எது உடைகிறது என்று விளையாடினோமே, அந்தப் பளபளப்பும் பழுப்புப் புள்ளியும் ஒரு விதை மாதிரி இன்னொன்று இருக்காது. பெயின்ட் அடித்துவிடாதீர்கள், அந்தக் கோலம் இயற்கையாக வந்தது, அதை மறைத்தால் விதை என்றே தெரியாது.

இனி வேலை. காய் வெயிலில் வெடித்து விதை சிதறுவது ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில், மே மாதத்துக்குப் புதுசு கிடைக்காது, யார் வீட்டிலாவது டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் பருப்பு எண்ணெய்ப் பசை உள்ளது, அப்படியே ஒட்டினால் சில நாளில் எண்ணெய் கசிந்து அட்டையில் கறை விழும், பூச்சியும் வரும். சின்ன ட்ரில்லால் இரண்டு முனையிலும் துளை போட்டு, கம்பியால் பருப்பைக் குத்திக் கிளறிக் கொட்டிவிட்டு, வெயிலில் நன்றாகக் காய வைக்க வேண்டும். பச்சைப் பருப்பில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, வாயில் வைக்கக்கூடாது. கிளறிய கையைச் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்கள், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அந்த வேலையே வேண்டாம்.

துளை போட்ட விதையில் மெழுகு பூசிய நூலைக் கோத்து, இரண்டு விதை, நடுவில் ஒரு மணி என்று கட்டினால், புத்தகத்துக்கு அடையாளக் கயிறு ஆகும், கிளிப்போர்ட் தலையில் துளை இருந்தால் அதில் தொங்கவிடவும் ஆகும். ஆணியில் மாட்டுகிற கயிறு அதுவே. எதையும் தடுக்காது.

மருந்துக்கடை

விதை என்று பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. சிவப்பு நிறத்துக்காக மஞ்சாடி விதை சேர்ப்பவர்கள் உண்டு, பள்ளி ஓரத்து மரத்தடியிலேயே கிடக்கும், அது முழுச் சிவப்பு, அதைச் சேர்க்கலாம். ஆனால் குன்றிமணி, சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்தது, அதைத் தொடவே வேண்டாம். ஓடு கெட்டியாக இருக்கும்வரை அவ்வளவு ஆபத்து இல்லை, ட்ரில் போட்டுவிட்டால் உள்ளே இருக்கும் ஏப்ரின் என்ற விஷம் வெளிப்படும், தூள் மூச்சிலோ ஊசி குத்திய விரலிலோ போனாலும் மோசம். பொன் நிறுக்க நம் முன்னோர் வைத்திருந்ததுதான், இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பார்கள், அதனால் நிறைய வீடுகளில் பழைய டப்பாவில் இரண்டும் கலந்தே கிடக்கும். பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து பிரித்துவிடுங்கள்.

ஹார்ட்வேர் தம்பி

பசை பற்றிக் கேட்டிருந்தீர்கள் அக்கா, கடையில் தினமும் இதே கேள்விதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

காகிதம், துணி, அட்டை, மரத்துக்கு வெள்ளைப் பசை, அதாவது பிவிஏ. விலை குறைவு, பிள்ளைகள் கையில் தைரியமாகக் கொடுக்கலாம். ஆனால் தண்ணீரில் கரைந்தது என்பதால் நம் ஊரில் காய நேரம் எடுக்கும், தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். ஒரு முழு நாள் காற்றாடி ஓடும் அறையில் விடுங்கள். அவசரப்பட்டு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்தால் உள்ளே பூஞ்சணம் பூக்கும், துணி அட்டை என்றால் சொல்லவே வேண்டாம். பையில் போடும்போது மருந்து டப்பாவில் வருகிற அந்த சின்ன ஈரம் உறிஞ்சிப் பொட்டலத்தை ஒன்று சேர்த்துப் போடுங்கள்.

சூட்டுப் பசைத் துப்பாக்கி எல்லோருக்கும் பிடிக்கும், சீக்கிரம் ஒட்டும். இரண்டு குறை இருக்கிறது. உலோகத்திலும் வழவழப்பான பிளாஸ்டிக்கிலும் பிடிப்பு குறைவு, ஆறிய பிறகு நகத்தால் நெம்பினால் தோல் மாதிரி முழுசாகக் கழன்று வரும். அப்புறம் வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் இளகிவிடும், மதியம் வரை பள்ளி வாசலில் நிற்கிற காரை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளிடம் கொடுக்கவும் கூடாது, குறைந்த சூட்டுத் துப்பாக்கியே தோலைச் சுடும்.

சூப்பர் குளூ உலோகத்துக்கு நல்லது, ஆனால் ஈரக் காற்றில் சுற்றிலும் வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி வரும், கறுப்புக் கிளிப்பில் அது அசிங்கமாகத் தெரியும். முக்கியமாக, பருத்தி நூல் மேலோ பஞ்சு மேலோ நிறைய ஊற்றிவிடாதீர்கள். பருத்தியோடு சேர்ந்தால் சட்டென்று சூடேறும், புகையும் வரும், பருத்தி உடையோ கையுறையோ போட்டிருந்தால் தோல் வெந்துவிடும். இது நிறையப் பேருக்குத் தெரியாது. பிள்ளைகள் மேசையில் அந்தக் குழாயே இருக்கக்கூடாது.

நகப்பூச்சு உலோகத்துக்கு ரொம்ப நல்லது, கேஎல் மாடிவீடு சொன்னது சரி. பூசும் முன் கிளிப்பை ஸ்பிரிட்டால் துடையுங்கள், எண்ணெய் போக வேண்டும். ஆனால் கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் ரூலர் மேல் நகப்பூச்சு வேண்டாம், அந்தத் திரவம் பிளாஸ்டிக்கைத் தின்று மங்கலாக்கிவிடும், அளவுக் கோடும் சேர்ந்து போய்விடும்.

கிளிப்போர்ட் மரத்தூள் அட்டைதானே, ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் வளையும். மறுபக்கத்துக்கும் ஓரத்துக்கும் ஒரு பூச்சு கொடுத்தே ஆக வேண்டும். முதலில் நைஸான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, அக்ரிலிக் பெயின்ட் மெல்லியதாக இரண்டு பூச்சு, மேலே நிறமில்லாத வார்னிஷ்.

லயத்துப்பிள்ளை

தம்பி, இதை அச்செடுத்து மண்டபத்துச் சுவரில் ஒட்டப்போகிறேன். பருத்தி விஷயம் தெரியவே தெரியாது, எங்கள் திட்டத்தில் நூல் சுற்றிய பேனா இருந்தது, மேலே சூப்பர் குளூ தடவலாம் என்றுதான் ஒருவர் சொல்லியிருந்தார்.

தையல்கடை அக்கா

நூல் பேனா செய், ஆனால் பசை ஒழுக ஒழுகத் தடவாதே. பேனா உடம்பில் முதலில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை நீளவாக்கில் ஒட்டு, அதன் மேல் எம்பிராய்டரி நூலை நெருக்கமாகச் சுற்று, தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் ஒரு பொட்டு வெள்ளைப் பசை. பிள்ளைகளே செய்துவிடுவார்கள், மூன்று நிறத்தில் மாற்றி மாற்றிச் சுற்றினால் நன்றாக இருக்கும்.

கரும்பலகை

அக்கா சொல்வதோடு ஒன்று. பேனாவைப் பிரிக்கிற பொருத்து எங்கே இருக்கிறதோ அந்த இடத்தில் நூலை நிறுத்திவிடுங்கள். அதையும் சேர்த்துச் சுற்றிவிட்டால் மை தீர்ந்ததும் குச்சி மாற்ற முடியாது, ஆசையாகச் செய்த பேனா குப்பைக்குத்தான் போகும். விரல் பிடிக்கிற இடத்திலும் வேண்டாம், வேர்வையில் நூல் கறுத்துவிடும். மேல் பாதியில் மட்டும்.

செம்பனை நிழல்

படித்துக்கொண்டே வருகிறேன். நான் முதலில் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது, இந்த மாதிரி செய்தால் கடைப் பொருளை விட நிற்கும் என்று தோன்றுகிறது. என் கருத்து ஒன்றே ஒன்று மட்டும் மாறவில்லை: எல்லாவற்றையும் அலங்கரிக்காதீர்கள். ஒரு ஆளுக்கு மூன்று பொருள் போதும். ஸ்டேப்ளர் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், ஊசி போடும் வாய் திறக்கிற இடத்தில் டேப் மாட்டினால் தொந்தரவுதான் மிச்சம். ஒட்டுத்தாள் கட்டை என்ன செய்யப்போகிறீர்கள்?

லயத்துப்பிள்ளை

ஒட்டுத்தாளுக்கு ஒரு சின்ன மூடி யோசித்தோம் அண்ணே. கெட்டி அட்டையை இரண்டாக மடித்து, வெளியே பாத்தேக் (மெழுகுச் சாயம் போட்ட) துணி மிச்சம், உள்ளே கட்டை இரட்டை டேப்பால் ஒட்டி வைப்பது. தாள் தீர்ந்தால் கடையில் வாங்குகிற அதே அளவுக் கட்டை அங்கேயே திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். மூடியின் உள்பக்கத்தில் பிள்ளை தன் கையால் ஒரு வரி எழுதும். ஸ்டேப்ளரைத் தொடப்போவதில்லை, மர ரூலரையும் அப்படியே பள்ளி நூலகத்துக்குக் கொடுத்துவிடுகிறோம், அளவுக் கோட்டை மறைக்காமல் அதில் என்ன செய்தாலும் ஒட்டாத மாதிரிதான் தெரிகிறது.

பால்மரத்தடி

ஈர்க்குச்சியை யாரும் சொல்லவில்லையே. செம்பனை மட்டையில் ஓலையைச் சீவி எடுத்தால் ஈர்க்கு எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். காய வைத்து ஒரே நீளத்துக்கு வெட்டி மைலோ டின்னைச் சுற்றி நெருக்கமாக ஒட்டி, மேலும் கீழும் சேலை பார்டரால் ஒரு பட்டை போட்டால் பேனா வைக்கிற டின் தயார். கேண்டீன் அக்காவுக்குக் கிளிப்போர்டை விட அது பயன்படும், கரண்டி போட்டு வைப்பார். டின் வாய் ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள், கூராக இருந்தால் கெட்டித் துணி டேப் ஒட்டிய பிறகுதான் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும்.

லயத்துப்பிள்ளை

அருமை, கேண்டீன் அக்காவுக்கும் காவல்காரர் ஐயாவுக்கும் அதுவேதான். காவல்காரருக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் இருந்தோம், அவர் குடிலில் பேனாவும் டார்ச் லைட்டும் மேசையில் உருண்டுகொண்டே கிடக்கும்.

கோலத்தைப் பற்றி யாராவது சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அதைத்தான் முழுசாகக் கொடுக்க நினைக்கிறேன்.

வாசல் புள்ளி

கோலம் என் பகுதி. அடர் நிறத்தில் அடித்த கிளிப்போர்டில் வெள்ளை அக்ரிலிக் போதும், வேறு நிறம் தேட வேண்டாம். பென்சிலால் புள்ளி வைக்கும்போது ரூலரால் அளந்து வையுங்கள், கண்ணால் வைத்தால் கடைசி வரிசையில் கோணும். 5 புள்ளி 5 வரிசை நேர்ப்புள்ளி பிள்ளைகளுக்குப் பழகிய கணக்கு, கிளிப்போர்டின் கீழ் மூலை ஒன்றில் அடக்கமாக உட்காரும். பெரிய கோலம் போட்டால் தாள் வைத்ததும் மறைந்துவிடும், தாள் அளவு ஏ4 வைத்துப் பார்த்து, வெளியே தெரிகிற ஓரத்தில் மட்டும் போடுங்கள், முழுக் கோலத்தைப் பின்பக்கத்தில் போடலாம். டீச்சர் கையில் பிடித்து நிற்கும்போது வகுப்புக்குத் தெரிவது பின்பக்கம்தானே!

தூரிகை வேண்டாம், பிள்ளைகளுக்கு நடுங்கும். புள்ளிக்குப் பல்குச்சியின் முனை, கொஞ்சம் பெரிய புள்ளிக்கு தீக்குச்சியின் மருந்தில்லாத முனை. வளைவுக்கு பெயின்ட் பேனா. ஆல்கஹால் மை உள்ள மார்க்கரில் போட்டு மேலே வார்னிஷ் அடித்தால் கோடு கரைந்து பரவும், அதனால் அக்ரிலிக் மை உள்ள பேனாவே வாங்குங்கள், வாங்கியதும் ஒரு பழைய அட்டையில் போட்டு வார்னிஷ் அடித்துப் பாருங்கள். கிளிப் இருக்கும் உலோகத்தில் பெயின்ட் படாமல் டேப் ஒட்டி மறைத்துவிட்டால் வேலை சுத்தமாக இருக்கும். உலோகத்தில் பெயின்ட் திறந்து மூடும்போது உதிர்ந்து தாளில் விழும்.

ஆறாம் ஆண்டுப் பையன்களும் நன்றாகப் போடுவார்கள், கோலம் பெண் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். புள்ளிக்கணக்கு பிடித்த பையன் ஒருவன் இருந்தால் மொத்த மேசைக்கும் அவனே சொல்லிக்கொடுப்பான்.

பழைய கிராணி

அந்த ஃபூல்ஸ்காப் புத்தகத்தில் ஒரு வேலை எனக்குக் கொடுங்கள். முதல் பக்கத்தில் பெயர் எழுதுவது. செக்ரோலில் எழுதி எழுதிப் பழகிய கை, இன்னும் நடுங்கவில்லை. ஒவ்வொரு ஆசிரியர் பெயரும், பள்ளியின் பெயரும், ஆண்டும் அழகாக எழுதித் தருகிறேன். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அவர்களுக்கும் எழுத்துப் பழகும். மை பேனா நானே கொண்டுவருகிறேன். பட்டியல் மட்டும் முன்கூட்டியே வேண்டும்.

லயத்துப்பிள்ளை

ஐயா, உங்களைத் தேடி வந்து கூட்டிப்போகிறோம். தனிச்செய்தியில் எந்தத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், கார் அனுப்புகிறேன்.

எல்லோருக்கும்: கோயில் மண்டபம் சனிக்கிழமைக்குக் கிடைத்திருக்கிறது. முதல் சனிக்கிழமை பெயின்டும் உள்துணி தேய்ப்பதும், அடுத்த சனிக்கிழமை ஒட்டு, கோலம், பெயர். நடுவில் ஒரு வாரம் இருப்பதால் எல்லாம் நன்றாகக் காய்ந்துவிடும். ரப்பர் விதை என் அம்மாவின் பிஸ்கட் டின்னில் ஒரு குவியல் இருக்கிறது. அதைத் துளைக்க ட்ரில்தான் இன்னும் அமையவில்லை, எங்கள் வீட்டில் இருப்பது சுவரில் ஓட்டை போடுகிற பெரியது.

ஹார்ட்வேர் தம்பி

பெரியது வேண்டாம் அக்கா, விதை பிளந்துவிடும். கையால் சுழற்றுகிற சின்ன ட்ரில் என்னிடம் இருக்கிறது, இரண்டு மில்லிமீட்டர் முனையோடு கொண்டுவருகிறேன். விதையை விரலால் பிடிக்காமல் குறடால் பிடிக்க வேண்டும், அதற்கு இரண்டு குறடும் சேர்த்து எடுத்து வருகிறேன். துளை போடும் மேசையை மண்டபத்துக்கு வெளியே, பின்வாசல் பக்கம் போட்டு வையுங்கள். சனிக்கிழமை கடை ஒரு மணிக்கு மூடும், இரண்டு மணிக்கு வந்துவிடுவேன்.